நாலாவது மூலையில் மஞ்சள்

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, வாட்ஸ்அப்பில் வந்தது. செம்பூரில் இருக்கும் என் மகள் மாரீஸ்வரி ஒரு சுட்டி அனுப்பியிருந்தாள். இரட்டைக் கண்ணாடி ஜன்னலை வீட்டிலேயே பராமரிப்பது எப்படி என்று ஏதோ குளிர் நாட்டுக்காரர்கள் எழுதிய இங்கிலீஷ் கட்டுரை. கூடவே அவள் குரலில் ஒரு பதிவு: “மா, பெஹ்லே, மொதல்ல இதைப் படி. படிச்சிட்டு அபுதாஹிர் அங்கிளுக்கு ஃபோன் பண்ணு. நாளைக்கு நாளைக்குன்னு தள்ளிட்டே இருக்காத.”

குரலில் அனுப்பியதற்குக் காரணம் உண்டு. அவளுக்குத் தமிழ் பேச வரும், சண்டை போட வரும். படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டுவாள். நான் ஓய்வு பெறுகிறவரை தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் ஊரார் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக்கொடுத்தவள். என் பிள்ளை இங்கிலீஷ் மீடியம். சிரிக்காதீர்கள், என்னோடு வேலை பார்த்த எல்லா டீச்சர்களும் இதைத்தான் செய்தார்கள்.

அவள் படிக்க மாட்டாள் என்கிற தைரியத்தில்தான் இதை எழுதவே உட்கார்ந்தேன். அவளிடம் சொல்லாத விஷயம் ஒன்று இதில் இருக்கிறது. செம்பூர்ப் பக்கம் அவளைத் தெரிந்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து வாசித்துக் காட்டிவிடாதீர்கள்.

கட்டுரையைப் படித்தேன். நல்ல மனிதர்கள்தான். வருடத்துக்கு இரண்டு முறை சோப்புத் தண்ணீரில் துடையுங்கள் என்கிறார்கள். (சுனாபட்டியில், தண்டவாளத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில், ஒரு நாளைக்கு இரண்டு முறை துடைத்தாலும் துணி கறுப்பாகத்தான் வரும்.) சட்டத்துக்கு அடியில் மழைத்தண்ணீர் வடிகிற துளைகளை அடைபடாமல் பாருங்கள், ரப்பர் பட்டி காய்ந்து வெடித்திருக்கிறதா பாருங்கள், கீலுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். எல்லாம் சரி. கடைசியில் ஒன்று போட்டிருக்கிறார்கள்: இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவே ஈரம் படிந்தால் சீல் போய்விட்டது என்று பொருள், கண்ணாடியை மாற்றிவிடுங்கள்.

மாற்றிவிடுங்களாம். எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்கள்! எனக்கு வந்த கோபத்தில் ஃபோனைக் கவிழ்த்துவைத்துவிட்டு எழுத உட்கார்ந்தேன்.

முதல் தொடக்கம்: ‘மழை பெய்துகொண்டிருந்தது.’ பம்பாயில் இருந்துகொண்டு கதை எழுதுகிற எல்லோரும் இப்படித்தான் ஆரம்பிக்கிறோம். அடித்துவிட்டேன்.

இரண்டாம் தொடக்கம்: ‘ஹார்பர் லைனில் ஒரு ரயில் போனது. அவளுக்கு அது கேட்கவில்லை.’ இது எனக்கே பிடித்துப்போய், எழுந்து போய் ஒரு காபி போட்டுக்கொண்டு வந்தேன். திரும்பி வந்தபோது ஒரு ரயில் போனது. கேட்டது. பொய் எழுதக் கூடாது. டபுள் கிளாஸ் போட்டால் சத்தம் குறையும், போகாது.

மூன்றாம் தொடக்கம்: ‘பிரேமலதா ஜன்னலைத் துடைத்தாள்.’ இது பரவாயில்லை, மேலே போகலாம்.

2

பிரேமலதா ஜன்னலைத் துடைத்தாள். உள்பக்கம் துடைத்தாள். கதவைத் திறந்து கையை வளைத்து வெளிப்பக்கமும் துடைத்தாள். ஈரம் போகவில்லை. ஈரம் இரண்டு கண்ணாடிகளுக்கும் நடுவில் இருந்தது. மாதுங்காவின் அந்த அமைதியான பிளாட்டில், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரியான அவள் கணவர் வாங்கிவைத்த ஈஸிசேரில், மெலிந்த தேகமும் ஐம்பது வயதும் கொண்ட பிரேமலதா மெல்லச் சாய்ந்து—

நிறுத்துகிறேன்.

இந்தப் பிரேமலதா யார்? எனக்கு அறுபது தாண்டிவிட்டது. மெலிந்த தேகமாம்! மாதுங்காவில் நான் ஒரு நாளும் குடியிருந்ததில்லை. சம்பளம் வந்த வாரம் பூ வாங்கவும், பித்தளைப் பாத்திரக் கடையை வேடிக்கை பார்க்கவும் போவேன், அவ்வளவுதான். ஆனாலும் கதை என்று எழுத உட்கார்ந்தால் என் கை தானாக ஆட்களை மாதுங்காவில் கொண்டுபோய்க் குடிவைக்கிறது. அங்கே இருப்பவர்களின் துக்கத்துக்கு ஒரு மரியாதை இருக்கும் என்று நினைப்பு போல. கணவருக்கும் வங்கி வேலை வாங்கிக் கொடுத்துவிட்டேன் பாருங்கள்.

பிரேமலதா நான்தான். பெயர் மட்டும் கடன். அவளை மாதுங்காவிலிருந்து காலி பண்ணி, சுனாபட்டியில் மூன்றாவது மாடியில், தண்டவாளத்தைப் பார்த்த என் வீட்டுக்கே கூட்டிவந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் பெயர் சுடலைக்கண்ணன். தாராவியில் பை தைக்கிற பட்டறை வைத்திருந்தார். ஈஸிசேர் அவருக்கு ஆகாது, ஸ்டூல்தான்.

3

தாராவியில் எங்கள் ரூமுக்கு இருந்த ஜன்னல் ஒரு தகரத் தட்டி. கம்பு கொடுத்துத் தூக்கி நிறுத்தினால் எதிர்வீட்டு அடுப்பு தெரியும், அவர்கள் இன்று என்ன குழம்பு என்பதும் தெரியும். கீழே இவருடைய மெஷின்கள், பக்கத்தில் தகரம் தட்டுகிறவர், மேலே யாரோ எப்போதும் சண்டை. அந்த இரைச்சலுக்கு நடுவில்தான் பரீட்சைத் தாள் திருத்தினேன், மாரியைப் பெற்று வளர்த்தேன், முதல் கதையும் எழுதினேன். அந்தச் சத்தம் எனக்கு ஒரு நாளும் இடைஞ்சலாக இருந்ததில்லை. இன்றைக்கும் நைன்டி ஃபீட் ரோட்டில் இறங்கி நடந்தால், எங்கேயோ ஒரு மெஷின் ஓடுகிற சத்தத்தில் அவர் உள்ளே இருக்கிறார் என்றே ஒரு கணம் தோன்றிவிடுகிறது.

சுடலைக்கண்ணனுக்கு ஒரு பித்து உண்டு. வீட்டுக்குள்ளோ பட்டறைக்குள்ளோ எந்தப் புதுச் சாமான் வந்தாலும் நாலு மூலைக்கும் மஞ்சள் குழைத்து வைக்க வேண்டும், நடுவில் குங்குமம். ஆயுத பூஜையில் மெஷினுக்கு வைப்பதை எல்லோரும் செய்வார்கள். இவர் ஃபிரிட்ஜுக்கு வைத்தார், ஸ்கூட்டருக்கு வைத்தார், மாரியின் ஸ்கூல் பைக்கு, என் குக்கர் மூடிக்கு, புது கேஸ் சிலிண்டருக்கு. மாரி முதல் வேலைக்குப் போனபோது வாங்கிய லேப்டாப்பில் மேல் மூலை கண்ணுக்குத் தெரியவில்லையோ என்னவோ, கொஞ்சம் தள்ளிக் கேமரா மேலேயே அப்பிவிட்டார். அன்று மீட்டிங்கில் அவளைப் பார்த்தவர்கள் மஞ்சள் காமாலையா என்று கேட்டார்களாம். அவள் ஆடிய ஆட்டம்! இவர் கொஞ்சமும் அசையவில்லை. “மொட்டையா ஒரு சாமான வீட்டுக்குள்ள எப்படிவே விட?” என்று தன்னைத்தானே ‘வே’ போட்டுக் கேட்டுக்கொண்டார்.

அப்புறம் சுனாபட்டிக்கு வந்தோம். சொந்த பிளாட், ஓடுகிற தண்ணீர், ஜன்னலுக்கு நேரே ரயில். தாராவி இரைச்சலில் எழுதியவளுக்கு இந்த ரயில் சத்தத்தில் எழுத வரவில்லை. அங்கே எல்லாச் சத்தமும் சேர்ந்து ஒன்றாக இருந்தது. இங்கே கொஞ்ச நேரம் அமைதி, அப்புறம் ஒரு ரயில், மறுபடி அமைதி. ஒவ்வொன்றும் என் வாக்கியத்துக்கு நடுவில் புகுந்து போகும்.

“ஏட்டி, இங்ஙன வந்ததுல இருந்து நீ எழுதவே மாட்டுக்கியே.”

“எங்க எழுத? ரயிலு மண்டைக்குள்ளயே ஓடுது.”

இவ்வளவுதான் பேச்சு. மறுவாரம் என்னை குர்லாவுக்குக் கூட்டிப்போனார். அங்கே அபுதாஹிரின் கண்ணாடிப் பட்டறை. மேலப்பாளையத்துக்காரர், இவருக்கு தாராவி நாளிலிருந்து பழக்கம். நான் அன்று விடைத்தாள் கட்டோடு போயிருந்ததால் வாசலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து திருத்தத் தொடங்கினேன். உள்ளே மேஜைமேல் இரண்டு கண்ணாடி. நடுவில் சுற்றிலும் ஓர் அலுமினியப் பட்டி, அதற்குள் ஈரம் உறிஞ்சுகிற சின்னச் சின்ன மணிகள், பட்டியைச் சுற்றிக் கறுப்புப் பசை. ஒட்டி அழுத்திவிட்டால் அதற்கப்புறம் உள்ளே காற்றும் போகாது, கையும் போகாது.

என் வீட்டுக்காரர் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் பொட்டலத்தை எடுத்துவிட்டார்.

“அண்ணாச்சி! உள்பக்கத்துல கை படப்பிடாது. ஓரத்துல ஒரு தூசி இருந்தாக்கூட ஒட்டாது, பாத்துக்கிடுங்க.”

“கை எங்கவே பட்டுச்சு? மஞ்சள்லா பட்டிருக்கு.”

“மஞ்சளும் ஆவாது. ஒரு வேலை பண்ணுங்க, ஒட்டி முடிச்ச பொறவு வெளிப்பக்கம் வைங்களேன்.”

“வெளிய வச்சா மழையில போயிரும். வீட்டுப் பக்கம் வச்சா இந்தா இருக்காளே, இவ தொடச்சிருவா.”

வாசலிலிருந்து நான் முறைத்தேன். அபுதாஹிர் துணியில் ஸ்பிரிட்டை நனைத்து நாலு மூலையையும் அழுத்தித் துடைத்தார். இவர் முகம் விழுந்துவிட்டது. பரீட்சையில் ஃபெயிலான பையன் மாதிரி மேஜைக்குப் பக்கத்தில் நின்றார். அதற்குள் அபுதாஹிருக்கு ஃபோன் வந்தது. என்னைத் தாண்டித்தான், “ஹலோ, ஹலோ” என்றபடி சந்துக்குப் போனார். கொஞ்ச நேரம் கழித்து வந்து கண்ணாடியை மூடி ஒட்டிவிட்டார்.

திரும்பி வருகிற ரயிலில் இவர் தனியாகச் சிரித்துக்கொண்டே வந்தார். கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றார்.

ஜன்னலை மாட்டி ஆட்கள் போனதும் என்னைக் கூப்பிட்டார். கீழே வலது மூலை. கறுப்பு ஓரத்துக்கு அடியிலிருந்து அரை நகம் அகலத்துக்கு மஞ்சள் எட்டிப் பார்த்தது, இரண்டு கண்ணாடிக்கும் நடுவில்.

“இனிமே எவனும் தொடைக்க முடியாதுல்லா,” என்றார். “நீயுந்தான்.”

4

[இந்தப் பகுதியில் கதை நகராது. நகர வேண்டும் என்பவர்கள் ஐந்துக்குப் போகலாம். எனக்கு இங்கே கொஞ்சம் உட்கார வேண்டும்.]

அந்த ஜன்னலுக்கு அவர் செய்த பணிவிடையை எனக்கு ஒரு நாளும் செய்ததில்லை. முதல் மழை விட்டதும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு வடிதுளைகளைக் குடைவார். ரப்பர் சட்டத்தோடு ஒட்டிக்கொள்ளக் கூடாதென்று பவுடர் போடுவார். ஜன்னலுக்குப் பவுடர் போடுகிற மனிதரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் கிண்டல் செய்வேன், பொட்டும் வச்சாச்சு, பவுடரும் போட்டாச்சு, பூ வாங்கிட்டு வரவா என்று.

வீட்டுக்கு யார் வந்தாலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. ரயில் வருகிறவரைக்கும் டீ கொடுத்து உட்காரவைப்பார். வந்ததும் ஜன்னலைத் திறந்து, “கேக்குதா?” என்பார். சாத்திவிட்டு, “இப்ப?” என்பார். கேட்கத்தான் செய்யும். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லோரும் கேட்கவில்லை என்பார்கள். மாரி கல்யாணம் பேச வந்த சம்பந்தி வீட்டாருக்கும் இது நடந்தது. மாப்பிள்ளை வெங்கி ஒருவன்தான், “கேக்குது மாமா, கம்மியா கேக்குது,” என்று உண்மையைச் சொன்னான். அவனுக்கே பெண்ணைக் கொடுத்தார்.

என் கதைகளை அவர் படித்ததில்லை. புத்தகம் வந்தால் கையில் தூக்கிக் கனம் பார்ப்பார், நாலு மூலைக்கும் மஞ்சள் வைப்பார். அந்த ஜன்னல் வந்த பிறகு நான் எழுதிய எல்லாமே அதற்கு அடியில் உட்கார்ந்து எழுதியவை. இதையும் அங்கேதான் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

அன்று காலை அவர் பட்டறைக்குக் கிளம்பும்போது

[இந்த வாக்கியத்தை எத்தனையோ முறை ஆரம்பித்துவிட்டேன். மார்ச் மாதம், மெஷின் முன்னால், ஸ்டூலில் உட்கார்ந்தபடியே. இதற்கு மேல் வேண்டாம்.]

அப்புறம் ஒவ்வொன்றாகப் போனது. மெஷின்களை விற்றோம், ஸ்கூட்டரை விற்றோம், ஃபிரிட்ஜை மாரி மாற்றிவிட்டாள், சிலிண்டரை கேஸ்காரன் எடுத்துப்போனான். புத்தகங்களில் வைத்தது உதிர்ந்துவிட்டது. மூலை மூலையாக அவர் விரல் பட்டு வைத்த மஞ்சளில் கடைசியாக மிஞ்சியது இந்த அரை நகம்தான். துணி போக முடியாத இடத்தில் இருந்ததால் மிஞ்சியது.

அவர் போன பிறகு வந்த இரண்டாவது மழைக்காலத்தில் கண்ணாடி மங்கத் தொடங்கியது. அந்த மூலையிலிருந்துதான். கண்ணாடியில் வாய் வைத்து ஊதினால் படியுமே, அந்த மாதிரி ஒரு வட்டம். போன மழைக்கு அது ஜன்னல் முழுக்கப் பரவிவிட்டது. ரயில் இப்போது கலங்கலாகப் போகிறது.

5

மாரி பிள்ளையாண்டிருக்கிறாள். தலைப்பிரசவம், தாய் வீட்டுக்கு வர வேண்டும். செம்பூரிலிருந்து சுனாபட்டிக்கு மூன்றே ஸ்டேஷன், அதற்கும் தாய் வீடு தாய் வீடுதான்.

வளைகாப்பைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், சொல்லாவிட்டால் கடைசிப் பகுதி உங்களுக்குப் புரியாது. செம்பூரில் வைத்துச் செய்தார்கள். மகள் நெற்றியிலும் கன்னத்திலும் மஞ்சளும் சந்தனமும் வைக்கத் தட்டை எடுத்தேன். எங்கள் கட்டடத்துப் பேராச்சி நல்ல மனுஷிதான், எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துத் தந்தவள். அவள் மெதுவாக என் கையிலிருந்து தட்டை வாங்கி, “நீங்க இருங்கக்கா, நாங்க பாத்துக்கிடுதோம்,” என்றாள். நான் பின்னால் போய் நின்றேன். தாலி இறங்கியவள் மங்கலத்துக்கு மஞ்சளைத் தொடக் கூடாதாம், சாம்பாருக்கு மட்டும் தொடலாம். எனக்கு வந்த ஆத்திரத்தைச் சிரித்து மறைத்ததில் தாடை வலித்தது. மாரி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அடுத்த வாரம் வீட்டைப் பார்க்க வந்தவள் ஜன்னலுக்கு முன் நின்றுவிட்டாள்.

“மா, இது ஃபங்கஸ்மா. சுவரைப் பாரு, சட்டத்தைச் சுத்தி ஃபுல் காலா, கறுத்துப்போச்சு.”

“துடைச்சா போயிரும்ளா.”

“போகாது. எனக்கு வீசிங் இருக்குன்னு உனக்குத் தெரியாதா? சின்ன வயசுல எத்தனை தடவை என்னைத் தூக்கிட்டு சயான் ஹாஸ்பிட்டல் ஓடியிருக்க? இப்ப குழந்தையும் இதே ரூம்ல மூச்சு விடணும்.”

“கண்ணாடிக்காரர் கிடைக்க மாட்டுக்காரு.”

“அரே, குர்லால இருக்காரு மா. அடுத்த ஸ்டேஷன்! ஜூன் வந்துட்டா மழை. கண்ணாடி மாத்தலேன்னா நான் செம்பூர்லயே இருந்துக்கிறேன். சச்சி போல் ரஹி ஹூம், நெஜமாத்தான் சொல்றேன்.”

அவள் சொன்னது முழுக்க நியாயம். இருமி இருமி உதடு நீலமான குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நானும் அவரும் ஓடிய ஓட்டம் எனக்கு மறக்குமா? கண்ணாடியை மாற்றினால் அவர் வைத்த கடைசி மஞ்சள் போய்விடும். மாற்றாவிட்டால் மகளுக்கு மூச்சுத் திணறும். மூலையில் இருப்பது என்ன என்று சொன்னால், அவள் உடனே ‘வேண்டாம் விடும்மா’ என்று சொல்லிவிடுவாள். இந்த ரூமில் வந்து படுத்து இருமவும் செய்வாள். அப்பா பிள்ளை. அதனால்தான் சொல்லவில்லை.

6

அபுதாஹிர் வந்தார். இந்த இடத்தில் எனக்கொரு சந்தேகம்.

கண்ணாடிக்காரர் என்று ஒரு பாத்திரம் வந்ததுமே என் பேனாவுக்கு அவரை ஞானியாக்கிவிடுகிற ஆசை வந்துவிடுகிறது. அவர் கண்ணாடியைத் தடவிப் பார்த்து வாழ்க்கையைப் பற்றி ஒரு வாக்கியம் சொல்வார், படித்தவளான நான் வாயடைத்து நிற்பேன், பத்திரிகை ஆசிரியர் அதைத் தடித்த எழுத்தில் போடுவார். மன்னிக்க வேண்டும், அபுதாஹிர் அப்படி இல்லை. வந்ததிலிருந்து கிரிக்கெட்டைத் திட்டினார். டேப்பை எங்கே வைத்தோம் என்று தேடினார், அது அவர் கழுத்தில் தொங்கியது. சர்க்கரை தூக்கலாக ரெண்டு டீ குடித்துவிட்டு, வீட்டில் மனைவி அக்தர் பானுவிடம் சொல்லிவிடாதீர்கள் என்றார். முன்பு பக்கத்து வீட்டு ஜன்னலை அவர் தப்பாக அளந்து வந்த கதை இந்தக் கட்டடம் முழுக்கப் பிரசித்தம்.

ஃபோன் டார்ச்சை அடித்து அந்த மூலையைப் பார்த்ததும் கிரிக்கெட்டை விட்டுவிட்டார்.

“இங்ஙனதான் டீச்சர். இந்த மூலை ஒட்டல. இது வழியாத்தான் ஒவ்வொரு மழைக்கும் ஈரம் உள்ள போயிருக்கு.”

“ஏன் ஒட்டல?”

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன்.

“என்னமோ நடுவுல இருந்திருக்கு,” என்றார். பிறகு கொஞ்சம் அவசரமாக, “அன்னைக்கு நான் நல்லாத் தொடச்சேனே டீச்சர்.”

“தொடச்சீங்க. நான் பாத்தேன்.”

“ஓட்டை போட்டுக் காய வைக்கிற ஆளுங்க இருக்காங்க. ரெண்டு மழை தாங்காது. மாத்திருங்க. பழச அளவுக்கு நான் கொண்டு போயிடுதேன். டேப்ப நம்ப முடியாது பாத்துக்கிடுங்க.”

“அளவு பாத்த பொறவு?”

“பழசு என்னத்துக்கு? உடைச்சுப் போட்டிருவோம்.”

நான் அடுப்படிக்குப் போய் யாருக்கும் வேண்டாத மூன்றாவது டீயைப் போட்டேன். காரணம் உங்களுக்குத் தெரியும்.

7

முடிவுகள். சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒரு முடிவு: டீச்சர் மறுத்துவிடுகிறாள். மகள் செம்பூரிலேயே பிள்ளை பெறுகிறாள். மங்கிய கண்ணாடிக்கு முன்னால் டீச்சர் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். எழுதும்போது எனக்கே அழுகை வந்தது. எழுதி முடித்துப் படித்தபோது அந்த டீச்சர்மேல் கோபம் வந்தது. இருமுகிற மகளைவிட ஒரு பொட்டு பெரிதா என்று மாரி கேட்க வேண்டாம், அவரே எழுந்து வந்து கேட்பார். கிழித்துவிட்டேன்.

இன்னொன்று: டீச்சர் காய்கறி வாங்கப் போய்வருவதற்குள் ஜன்னலை மாற்றிவிடுகிறார்கள். புதுக் கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது. அவள் காபி போட்டு இரண்டு டம்ளரில் ஊற்றுகிறாள். ஒரு ரயில் போகிறது. இது அந்த மாதுங்காப் பிரேமலதாவுக்குச் சரியாக வரும். நான் அப்படி அமைதியாகக் காபி ஊற்றுகிற ஆள் கிடையாது.

மூன்றாவது: ஈரம் விலகுகிறது, கண்ணாடியில் அவருடைய கை முழுதாகத் தெரிகிற— இதை எழுதியதற்காக வெட்கப்படுகிறேன்.

8

நடந்ததை எழுதிவிடுகிறேன்.

ஜன்னலைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஓட்டையில் பிளைவுட் அடித்திருந்தது. நான் அபுதாஹிருக்கு ஃபோன் செய்து, பழசை உடைக்காதீர்கள், நான் வந்த பிறகு பிரிக்கலாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. கிளம்புகிற நேரம் மாரி வந்து நின்றாள். நிறைமாதம், வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். கண்ணாடி எந்த கம்பெனி என்று தான் பார்த்தே ஆக வேண்டுமாம். ஆட்டோவில் குர்லா போகிறவரை பள்ளத்துக்குப் பள்ளம் நான் முருகா முருகா என்றேன், அவள் டிரைவரை மராத்தியில் திட்டினாள்.

பட்டறையில் மேஜைமேல் புதுக் கண்ணாடி இரண்டும் கழுவித் தயாராக இருந்தன. ஒன்றில் பட்டி ஒட்டியாகிவிட்டது, மற்றதை அதன்மேல் மூட வேண்டியதுதான் பாக்கி. பழையதைக் கீழே சாக்கின் மேல் கிடத்தியிருந்தார்கள். அபுதாஹிர் பிளேடை எடுத்துக் கறுப்புப் பசையைச் சுற்றிலும் அறுத்தார். மேல் கண்ணாடி சத்தமில்லாமல் தனியாக வந்தது.

நான் கீழே உட்கார்ந்தேன். முழங்கால் கத்தியது. வலது மூலை. வெயில் பட்ட பாதி வெளுத்துப்போயிருந்தது. பட்டிக்கு அடியில் மறைந்திருந்த மற்றப் பாதி மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது, இப்போதுதான் பொட்டலத்தைப் பிரித்து வைத்த மாதிரி. விரல் ரேகை தெரிகிறதா என்று பார்த்தேன். தெரிந்ததாக எழுதினால் கதைக்கு நன்றாக இருக்கும். தெரியவில்லை.

“அரே...” மாரி எனக்குப் பின்னால் குனிய முடியாமல் குனிந்து நின்றாள். “மா. இது அப்பா வச்சதுல்லா?”

ஸ்கூல் பையிலும் லேப்டாப்பிலும் இதைப் பார்த்து வளர்ந்தவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

“ஏம்மா எங்கிட்ட சொல்லல?”

“சொன்னா மாத்த வேண்டாம்ப.”

“வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்.”

“அதான் சொல்லல.”

அவள் அழுதாள். நானும் அழுதேன். அபுதாஹிர் எதற்கோ டேப்பைத் தேடினார், அது கழுத்தில்தான் இருந்தது.

[முதல் பகுதியில், இவளுக்கு வாசித்துக் காட்டிவிடாதீர்கள் என்று கேட்டிருந்தேன். இனிமேல் காட்டலாம். அந்த வரியை அடிக்காமல் விட்டிருக்கிறேன், அன்று எனக்கு அந்தப் பயம் உண்மையாக இருந்தது.]

ஆள்காட்டி விரலால் தொட்டேன். இத்தனை வருடம் கை படாமல் இருந்தது, தொட்டதும் பொடியாக விரலில் வந்துவிட்டது. கண்ணாடியில் ஒன்றுமில்லை. இப்போது என் விரல் நுனியில்தான் இருக்கிறது, மொத்தமும்.

மாரி என் மணிக்கட்டைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். விடவில்லை. “நீயே வைம்மா,” என்றாள். எங்கே என்று சொல்லவில்லை. வளைகாப்பில் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தவள்.

மேஜைக்கு அந்தப் பக்கம் அபுதாஹிர் ஸ்பிரிட் நனைத்த துணியோடு நின்றார். என் விரலைப் பார்த்தார், புதுக் கண்ணாடியைப் பார்த்தார். ஓரத்தில் ஒரு தூசி இருந்தாலும் ஒட்டாது என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

“டீச்சர், ஒண்ணு சொல்லணும்.”

“சொல்லுங்க.”

“அன்னைக்கு எனக்கு ஃபோனே வரல. அண்ணாச்சி முகம் அப்படிப் போச்சா, எனக்கு ஒரு மாதிரி ஆயிட்டு. அதான் வெளிய போனேன்.”

துணியை மேஜைமேல் வைத்தார். சட்டைப் பையிலிருந்து ஃபோனை எடுத்தார். அது அடிக்கவில்லை. காதில் வைத்துக்கொண்டு, “ஹலோ, ஹலோ” என்றபடி எங்களைத் தாண்டிச் சந்துக்குப் போய்விட்டார்.

இப்போது நானும் மாரியும் மட்டும். விரலில் என் வீட்டுக்காரர் வைத்த மஞ்சள். முன்னால் புதுக் கண்ணாடிக்கு நாலு மூலை இருக்கிறது. மூலையில் வைத்தால் இன்னும் சில மழைக்குப் பிறகு ஜன்னல் மறுபடி மங்கும், அப்போது பேச்சு வந்திருக்கிற பிள்ளை ஒன்று ஏன் என்று கேட்கும். நடுவில் வைத்தால் சீலுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் அவர் நடுவில் மஞ்சள் வைக்கிற ஆள் இல்லை. பக்கத்தில் என் மகளின் நெற்றி இருக்கிறது, நான் தொடக் கூடாதென்று பேராச்சி தட்டை வாங்கிக்கொண்ட நெற்றி. இருப்பது ஒரு விரலுக்குத்தான், ஒரு இடத்தில் வைக்கத்தான் காணும்.

இத்தனை நேரம் கூட நின்று எல்லாவற்றையும் பார்த்தீர்கள். இதை மட்டும் பார்க்க வேண்டாம்.

உங்களுக்கு ஒரு ஃபோன் வருகிறது. கொஞ்சம் வெளியே போய்ப் பேசிவிட்டு வாருங்கள்.